சத்தமில்லாத, கரண்ட் குறைவாக இழுக்கும் டெஸ்க்டாப்: பாகங்களின் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள்

குரல்பதிவு எழுதியது:

வணக்கம். குரல் பதிவும் எடிட்டிங்கும் ஒரே மேஜையில் நடக்கும். மைக்குக்கும் கேபினட்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்தான் இடைவெளி இருக்கும். கம்ப்யூட்டர் நாளுக்கு 10 மணி நேரம் ஓடும். அதில் முக்கால்வாசி பிரவுசர், எழுத்து வேலை, ஆடியோ. அவ்வப்போது ஃபோட்டோவில் ஏஐ நாய்ஸ் நீக்கம், 4கே வீடியோ எக்ஸ்போர்ட், கொஞ்சம் கேம். மானிட்டர் இரண்டு: ஒன்று 144 ஹெர்ட்ஸ், இன்னொன்று 60.

இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கும் பட்டியல்:

- ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸர்
- 240 மி.மீ. லிக்விட் கூலர்
- பி650 மதர்போர்டு
- டிடிஆர்5 ரேம் 32 ஜிபி (8 ஜிபி × 4)
- 1 டிபி ஜென்5 (ஐந்தாம் தலைமுறை) என்விஎம்இ எஸ்எஸ்டி, ஃபேன் வைத்த ஹீட்சிங்குடன் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு)
- 4 டிபி ஹார்ட் டிஸ்க், 7200 ஆர்பிஎம்
- ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு
- 850 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை)
- முன்பக்கம் முழுக்க மூடி, உள்ளே ஃபோம் ஒட்டிய கேபினட்

ஃபோம் கேபினட் அவசியமா? லிக்விட் கூலர்தான் அமைதி என்கிறார்களே, சரியா? எஸ்எம்பிஎஸ் பெரிதாக இருந்தால் ஃபேன் சுற்றாது என்பது உண்மையா?

---

மெதுவிசிறி எழுதியது:

ஒவ்வொன்றும் நல்ல பொருள்தான். ஆனால் இந்தப் பட்டியல் சத்தத்தை உண்டாக்கிவிட்டு அப்புறம் ஃபோம் வைத்து மூடப் பார்க்கிறது. வரிசையைத் திருப்புங்கள். முதலில் வெப்பத்தைக் குறைக்க வேண்டும், அடுத்து காற்றுக்குத் தடையில்லாத வழி, அதற்கப்புறம் பெரிய ஃபேன்களை மெதுவாக ஓட்டுவது. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் மூடுவதற்குச் சத்தமே மிஞ்சாது.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஃபேனின் ஆர்பிஎம்மைப் பாதியாக்கினால் காற்று பாதிதான் குறையும், ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தம்போலத் தோன்றும். அதனால் ஒரே ஃபேனை 1200இல் ஓட்டுவதைவிட இரண்டு ஃபேனை 600இல் ஓட்டுவது எப்போதும் மேல். 120 மி.மீ.க்குப் பதில் 140 மி.மீ. போட்டால் அதே காற்றுக்கு வேகம் இன்னும் குறையும்.

பிராசஸர். 7700எக்ஸ் வேண்டாம். அதன் டிடிபி (தயாரிப்பாளர் சொல்லும் வெப்ப அளவு) 105 வாட், உண்மையில் இழுக்கும் உச்சவரம்பான பிபிடி 142 வாட். எக்ஸ் இல்லாத 7700க்கு அதே 8 கோர், டிடிபி 65, பிபிடி 88 வாட். பெரும்பாலான வேலைகளில் வேக வித்தியாசம் சில சதவீதம்தான். 7700எக்ஸ் கையில் வந்துவிட்டாலும் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ஈக்கோ மோடு 65 வாட் வைத்தால் அதுவும் 88க்கு இறங்கிவிடும். அப்படியே விட்டால் 95 டிகிரியைத் தொடும்வரை பூஸ்ட் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். அதன் வடிவமைப்பு அப்படி. எவ்வளவு நல்ல கூலர் போட்டாலும் அந்த வெப்பத்தைத் துரத்திக்கொண்டே ஃபேன் ஓடும்.

லிக்விட் கூலர். 250 வாட் பிராசஸருக்கு அது நியாயம். 88 வாட்டுக்குத் தேவையில்லை. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது காற்றுக் கூலரின் ஃபேன் 400 ஆர்பிஎம்மில் காதுக்கே எட்டாது. லிக்விட் கூலரின் பம்ப் அப்போதும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும், குமிழி சேர்ந்தால் கொறகொறவென்று சத்தமும் வரும். மைக் பக்கத்தில் இருக்கும்போது அது கூடவே கூடாது. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போன்ற இரட்டை டவர் கூலர் ஒன்று போதும். அதன் உயரம் 155 மி.மீ. நாக்டுவா என்எச்-டி15 என்றால் 165 மி.மீ. கேபினட் விவரத்தில் கூலர் உயர வரம்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பக்கக் கதவு மூடாமல் போவது இங்கேதான். இரட்டை டவரின் முன் ஃபேன் ரேமுக்கு மேலே வந்து நிற்கும், அதனால் ரேம் 32 மி.மீ. உயரத்துக்குள் இருக்கட்டும்.

ரேம். 16 ஜிபி × 2 வாங்குங்கள். ரைசன் 7000 வரிசையில் நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 5200இல் இருந்து 3600க்கு விழுகிறது. 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குகள் உள்ளமைப்பிலேயே கொஞ்சம் மெதுவானவை. இரண்டு நஷ்டத்தையும் சேர்த்து வாங்க வேண்டாம்.

எஸ்எஸ்டி. ஜென்5 டிரைவ் முழு வேகத்தில் 10 வாட்டைத் தாண்டும். அதைக் குளிர்விக்கும் குட்டி ஃபேன்தான் முழு கம்ப்யூட்டரிலும் மோசமான கீச்சுச் சத்தம் போடும். சின்ன ஃபேன் எதுவாக இருந்தாலும் வேகமாகச் சுற்றியே ஆகவேண்டும். ஜென்4 டிரைவ் போதும். டிரேம் (தனி மெமரி சில்லு) இல்லாத டபிள்யூடி எஸ்என்770 போன்றவை இன்னும் குளிர்ச்சி. மதர்போர்டோடு வரும் தகடு ஹீட்சிங்கே தாங்கும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்துவிட்டு மாட்டுங்கள், பலர் மறக்கிறார்கள்.

ஹார்ட் டிஸ்க். 7200 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 120 சுற்று. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு தகடு வழியாகக் கேபினட் முழுக்கப் பரவி ரீங்காரமாகும். ரப்பர் வாஷர் பாதிதான் தடுக்கும். அதை அடுத்த அறையில் நெட்வொர்க் சேமிப்பாக வையுங்கள், இல்லையென்றால் சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறுங்கள்.

கேபினட். ஃபோம் கூர்மையான உயர் அதிர்வெண் சத்தத்தைத்தான் உறிஞ்சும், ஃபேனின் தாழ்ந்த ஹம் அதைக் கடந்துவிடும். அதைவிடப் பெரிய பிரச்சினை மூடிய முன்பக்கம்: காற்று பக்கவாட்டு இடுக்கு வழியாக நுழையவேண்டும், உள்ளே சூடு தேங்கும், கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் கிளம்பிவிடும். ஃபிராக்டல் டிஃபைன் 7 போன்ற நன்றாகச் செய்த மூடிய கேபினட்கள் உண்டு. ஆனாலும் உங்கள் வாட்டுக்கு மெஷ் முன்பக்கமே சரி. முன்னால் 140 மி.மீ. இரண்டு, பின்னால் 120 அல்லது 140 ஒன்று. மேலே ஒன்றும் வேண்டாம். மேல் துவாரம் திறந்திருந்தால் சத்தம் நேராகக் காதுக்கு வரும், ஃபில்டரை மாட்டி மூடிவையுங்கள்.

---

வாட்கணக்கு எழுதியது:

மேலே உள்ளவர் சொன்னதில் கூலர், கேபினட், ரேம் எல்லாம் சரி. பிராசஸரில் மட்டும் மாறுபடுகிறேன்.

10 மணி நேரத்தில் முக்கால்வாசி நேரம் கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கப்போகிறது. அப்படியானால் பார்க்கவேண்டியது ஐடில் வாட் (சும்மா இருக்கும்போது இழுப்பது), டிடிபி அல்ல. 7700இல் கோர்கள் ஒரு சில்லிலும் மெமரி, பிசிஐஇ (கார்டும் எஸ்எஸ்டியும் பேசும் வழி) இணைப்பு எல்லாம் இன்னொரு சில்லிலும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் பகுதி சும்மா இருக்கும்போதும் முழுதாகத் தூங்காது. ரைசன் 5 8600ஜி அப்படி இல்லை, லேப்டாப் வழி வந்த ஒற்றைச் சில்லு. சுவரில் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஐடிலில் 10 முதல் 20 வாட் வரை குறைவது சாதாரணம். 15 வாட் என்றே வைத்தால், அந்த ஏழரை மணி நேரம் × 365 நாள், ஆண்டுக்கு ஏறக்குறைய 41 யூனிட்.

8600ஜியின் குறைகளும் தெரியவேண்டும். கோர் 6, எல்3 கேஷ் என்ற உள் மெமரி 16 எம்பி (7700க்கு 32). கிராபிக்ஸ் கார்டுக்கு பிசிஐஇ ஜென்4 லேன் (தகவல் பாதை) எட்டுதான் தரும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டே எட்டு லேன் கார்டு, ஆகவே அங்கே நஷ்டம் இல்லை. பெயரில் நெருக்கமான 8500ஜியை எடுத்துவிடாதீர்கள், அதில் லேன் நான்குதான். ஜென்5 எஸ்எஸ்டி போட்டாலும் 8600ஜியில் ஜென்4 வேகத்தில்தான் ஓடும்; அதை விடுவதற்கு இன்னொரு காரணம். வீடியோ எக்ஸ்போர்ட் தினசரி வேலையாக இருந்தால் 7700, இல்லையென்றால் 8600ஜி. உள்ளேயே ரேடியான் 760எம் கிராபிக்ஸ் இருப்பதால் முதலில் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, நாய்ஸ் நீக்கம் பொறுக்கமுடியாத அளவு மெதுவாக இருந்தால் 4060 சேர்க்கலாம்.

பெயர் முடிவில் டி வரும் இன்டெலின் 35 வாட் பிராசஸர்களை யாராவது பரிந்துரைப்பார்கள். அவை உச்ச வாட்டைக் கட்டிப்போட்ட அதே சில்லுகள். ஐடிலில் ஒரு வாட்கூட மிச்சமாகாது. சாதாரண ஐ5 12400ஐ வாங்கி பயாஸில் பிஎல்1, பிஎல்2 (தொடர் சுமை, சிறு நேர உச்சம்) வாட் வரம்பை நீங்களே இறக்கினால் அதே பலன். இன்டெல் எடுத்தால் அந்த வரம்புகளை அவசியம் பாருங்கள், பல மதர்போர்டுகள் தொழிற்சாலையிலிருந்தே அவற்றைத் திறந்துவிட்டு அனுப்புகின்றன.

எஸ்எம்பிஎஸ் விஷயம். உங்கள் முழுச் சுமை: பிராசஸர் 88, கார்டு 115, மற்றதெல்லாம் 40, ஆக 243 வாட். 550 வாட் தாராளம். 850 வாட் யூனிட்டில் 40 வாட் ஐடில் என்பது 5 சதவீதத்துக்கும் கீழே. 80 பிளஸ் கோல்டு என்ற மின்திறன் முத்திரைக்கான சோதனை 20, 50, 100 சதவீதச் சுமையில்தான் நடக்கிறது. அதற்குக் கீழே யூனிட் என்ன செய்கிறது என்பது கோல்டு முத்திரையில் தெரியாது, சத்தமும் தெரியாது. சைபனெடிக்ஸ் தரச்சான்றில் சத்தத்துக்குத் தனி வரிசை உண்டு: ஏ++ என்றால் சராசரி 15 டெசிபலுக்குக் கீழே, ஏ+ என்றால் 15 முதல் 20. அந்த அறிக்கைகளில் குறைந்த சுமைத் திறனும் இருக்கும். பெட்டியில் உள்ள முத்திரையை விட்டுவிட்டு அதைப் பார்த்து வாங்குங்கள்.

பெரிது வாங்கினால் ஃபேன் சுற்றாது என்பது பாதி உண்மை. ஃபேன் எப்போது கிளம்பும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சில யூனிட்டில் ஃபேன் ஒரு வெப்ப எல்லையில் கிளம்பி, உடனே நின்று, மறுபடி கிளம்பும். மெதுவாக ஒரே சீராகச் சுற்றுவதைவிட அது அதிகத் தொந்தரவு. பின்னால் ஹைப்ரிட் சுவிட்ச் (குறைந்த சுமையில் ஃபேனை நிறுத்துவது) இருந்தால் அதை அணைத்துத் தொடர்ந்து சுற்றவிடலாம்.

இரண்டு மானிட்டர் விஷயத்தையும் விடாதீர்கள். 144, 60 என்று பொருந்தாத ரெஃப்ரெஷ் வைத்தால் பல கார்டுகளில் மெமரி கிளாக் கீழே இறங்கவே இறங்காது, சும்மா இருக்கும்போதே கூடுதல் வாட் எரியும், கார்டின் ஃபேனும் கிளம்பலாம். 144ஐ 120ஆக மாற்றிப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை மதர்போர்டின் பின்பக்க போர்ட்டில் சொருகுங்கள்.

---

வெறும்ஹீட்சிங்க் எழுதியது:

ஃபேனே இல்லாமல் கட்டலாமே? நாக்டுவா என்எச்-பி1 கூலர், பாலிட் கால்ம்எக்ஸ் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு. இரண்டுமே ஃபேன் இல்லாதவை. கார்டு 70 வாட்தான், தனி பவர் கேபிள்கூட வேண்டாம். குரல் பதிவுக்கு இதைவிட அமைதி கிடையாது.

---

மெதுவிசிறி எழுதியது:

@வெறும்ஹீட்சிங்க், பிராசஸரும் கார்டும் தாங்கும். தாங்காதவை மற்றவை: மதர்போர்டின் வோல்டேஜ் ரெகுலேட்டர், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ். சாதாரணக் கூலரின் ஃபேன் காற்று இவற்றின்மேலும் கொஞ்சம் படுகிறது என்பதை நம்பித்தான் மதர்போர்டை வடிவமைக்கிறார்கள். அரை மணி நேர எக்ஸ்போர்ட்டில் எஸ்எஸ்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே கேபினட்டில் ஒரே ஒரு 140 மி.மீ. ஃபேனை 350 ஆர்பிஎம்மில் சுற்றவிட்டால் வெப்பம் வெகுவாக இறங்கும், ஒன்றரை மீட்டரில் அது மைக்குக்கும் கேட்காது. அந்த ஒரு ஃபேனை மிச்சம் பிடிப்பதில் எந்த லாபமும் இல்லை.

ஃபேன் இல்லாத கம்ப்யூட்டரில் இன்னொரு சிக்கல், காயில் வைன். மின் சுருள்கள் அதிர்ந்து எழுப்பும் அந்த மெல்லிய கீச்சு, ஃபேன் சத்தம் ஒன்றும் இல்லாதபோது துல்லியமாகக் கேட்கும். கேமில் ஃப்ரேம் வரம்பு வைத்தால் பெரும்பாலும் அடங்கும். மெனு திரையில் நூற்றுக்கணக்கில் ஃப்ரேம் ஓடும்போதுதான் அது மோசம். வாங்கிய முதல் வாரத்திலேயே காது கொடுத்துக் கேளுங்கள், மாற்றித்தரும் காலம் முடிவதற்குள்.

@வாட்கணக்கு சொன்ன 8600ஜியை ஏற்கிறேன். ஐடில் நேரம் இவ்வளவு அதிகமாக இருக்கும்போது அதுவே சரி.

---

குரல்பதிவு எழுதியது:

மிக்க நன்றி. மாற்றிய பட்டியல்: 8600ஜி, பி650, இரட்டை டவர் கூலர், 16 ஜிபி × 2, ஜென்4 2 டிபி, ஆர்டிஎக்ஸ் 4060, 550 வாட், மெஷ் கேபினட், முன்னால் 140 மி.மீ. இரண்டு, பின்னால் 140 ஒன்று. ஹார்ட் டிஸ்க் அறையை விட்டே போகிறது.

ஃபேன் வேகத்தை எப்படி அமைப்பது? பிரவுசரைத் திறந்தாலே ஃபேன் ஒரு நொடி சீறி அடங்குமே, அதை நிறுத்த வழி உண்டா?

---

மெதுவிசிறி எழுதியது:

உண்டு. பிராசஸர் வெப்பநிலை அரை நொடியில் 20 டிகிரி தாவும், ஆனால் ஹீட்சிங்க் சூடாக நிமிடங்கள் ஆகும். ஃபேன் குளிர்விப்பது ஹீட்சிங்கை. அந்தத் தாவலுக்கெல்லாம் அது ஓடவேண்டியதில்லை.

பயாஸில் முதலில் ஒவ்வொரு ஃபேன் ஹெடருக்கும் (ஃபேனைச் சொருகும் இடம்) மோடைப் பாருங்கள். 4 பின் ஃபேனுக்கு பிடபிள்யூஎம் (துடிப்பால் வேகத்தை மாற்றுவது), 3 பின் ஃபேனுக்கு டிசி (வோல்டேஜால் மாற்றுவது). 3 பின் ஃபேனை பிடபிள்யூஎம் மோடில் விட்டால் எப்போதும் முழு வேகத்தில் அலறும். "புது ஃபேன் இவ்வளவு சத்தமா" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

பிராசஸர் ஃபேன்: 60 டிகிரிவரை 30 சதவீதம், அதில் ஏற்ற இறக்கம் வேண்டாம், தட்டையாக இருக்கட்டும். 75இல் 45, 85இல் 70, 92இல் 100. ஸ்டெப் அப் நேரம் (வேகம் ஏறும் தாமதம்) 4 நொடி, ஸ்டெப் டவுன் (இறங்கும் தாமதம்) இன்னும் நீளமாக. இந்த இரண்டு நேர அமைப்புகளில்தான் சீற்றம் நிற்கும்.

கேபினட் ஃபேன்களைப் பிராசஸர் வெப்பத்தோடு கட்டாதீர்கள். பயாஸில் மதர்போர்டு சென்சாரோடு கட்டி, அடிப்படை வேகம் 450 முதல் 500 ஆர்பிஎம் வையுங்கள். விண்டோஸில் ஃபேன்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டின் வெப்பத்தையும் கணக்கில் எடுத்து இவற்றை ஓட்டும். லினக்ஸில் கூலர்கன்ட்ரோல். ஐடிலிலும் கேபினட் ஃபேன் நிற்காமல் மெதுவாக ஓடுவது நல்லது. கார்டு குளிர்ந்தே இருந்தால் அதன் ஃபேன்கள் தானாக நின்றே இருக்கும், கார்டின் சின்ன ஃபேன்களைவிட உங்கள் 140 மி.மீ. எவ்வளவோ மென்மை.

அதற்கப்புறமும் ஹம் வந்தால் தேடும் முறை: ஒவ்வொரு ஃபேனாக நடுக் குமிழை விரலால் மெல்ல அழுத்தி ஒரு நொடி நிறுத்துங்கள் (இறக்கையைத் தொடாதீர்கள்). எதை நிறுத்தியபோது சத்தம் போகிறதோ அதுதான். சில ஃபேன்கள் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் முனகும். ஆர்க்டிக் பி12இல் 900, 1000 ஆர்பிஎம் அருகே அது பேசப்பட்ட விஷயம். அந்த வேகத்தைத் தாண்டிப் போகும்படி வெப்பத்துக்கேற்ற வேக வளைவை அமைத்தால் போதும். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் 600, 620 என்று ஓடினால் சத்தம் வினாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும், காது அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒன்றை 600, இன்னொன்றை 680 என்று நன்றாக விலக்கிவிடுங்கள்.

முன் மெஷ்ஷுக்கும் ஃபேனுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். காற்றை இழுக்கும் பக்கம் தடுப்பு ஒட்டியிருந்தால் அதே ஆர்பிஎம்மில் சத்தம் கூடும். கேபினட்டை மேஜைமேல் வைக்காமல் கீழே, மைக்கின் முதுகுப் பக்கம் வையுங்கள். கார்டியாய்டு மைக் பின்னால் வரும் சத்தத்தைத்தான் மிகக் குறைவாக எடுக்கும். கம்பளம் விரித்திருந்தால் கீழே ஒரு பலகை போடுங்கள், எஸ்எம்பிஎஸ் அடியிலிருந்து காற்றை இழுக்கிறது.

---

வாட்கணக்கு எழுதியது:

வாட் பக்கத்தில் மூன்று வேலை பாக்கி. பயாஸில் ஏஎஸ்பிஎம்மையும் சி-ஸ்டேட்டுகளையும் (சும்மா இருக்கும் இணைப்புகளையும் கோர்களையும் தூங்கவைப்பவை) எனேபிள் செய்யுங்கள். ஆட்டோவில் விட்டால் சில போர்டுகள் அணைத்தே வைத்திருக்கும். ரேமுக்கு எக்ஸ்போ (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டால் பிராசஸரின் மெமரி பகுதிக்கான எஸ்ஓசி வோல்டேஜ் ஏறி ஐடில் வாட்டும் கொஞ்சம் ஏறும். போடுவதற்கு முன்னும் பின்னும் சுவர் மீட்டரில் அளந்துவிட்டு முடிவெடுங்கள். மூன்றாவது, கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர்: எல்லாக் கோருக்கும் மைனஸ் 10இல் தொடங்கி மைனஸ் 20 வரை முயலலாம். அளவு மீறினால் கம்ப்யூட்டர் கடும் சுமையில் விழாது, சும்மா இருக்கும்போதோ ஒரு கோர் மட்டும் ஓடும்போதோ திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். அதனால் எல்லாக் கோரையும் நிரப்பும் சோதனை போதாது, கோர்சைக்ளர் போன்ற ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கருவியை இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

4060இல் பவர் லிமிட்டை 80 சதவீதம் வையுங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், ஃபேன் நன்றாகவே அடங்கும்.

வாங்குவதற்கு முன் மதர்போர்டு பற்றி ஒன்று. 8600ஜி 2024 ஜனவரி இறுதியில்தான் வந்தது. அதற்கு முன்பு தயாரான பி650 பழைய பயாஸோடு கிடைத்தால் திரையே வராது. பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாக எடுங்கள். ஃபேட்32 ஃபார்மேட் செய்த பென் டிரைவில் கோப்பை மேனுவலில் சொன்ன பெயரில் போட்டு, 24 பின், 8 பின் பவர் கேபிள்களை மட்டும் மாட்டி, பட்டனை அழுத்தினால் பிராசஸர் இல்லாமலே அப்டேட் ஆகும். அதற்கப்புறம் முதல் முறை ஆன் செய்யும்போது டிடிஆர்5 மெமரி டிரெயினிங் (போர்டு ரேமுக்கேற்ற அமைப்பைத் தேடுவது) நடக்கும். சில நிமிடம் திரை கறுப்பாகவே நிற்கும். பழுது என்று நினைத்து நடுவில் பவரை அணைத்துவிடாதீர்கள்.